ஜோடி கரையேறும்வரை

காலை ஏழு மணிக்கே அந்தக் குடும்பம் வந்து படகுத்துறையில் நின்றுவிட்டது. வண்ணாரப்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ரஷீது, அவர் மனைவி ஷம்ஷாத், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஃபரா. பறவை பார்க்க வேண்டுமென்றால் விடிந்ததும் போய்விட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை அப்படியே நம்பி, மார்கழிப் பனியில் தலைக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

பறவைகள் காப்பகம் என்ற பெயர்தான் பெரிது. கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்தை நெருங்கும் இடத்தில் ஒரு வளைவு எடுக்கிறது. அந்த வளைவுக்குள் தப்பிப் பிழைத்த கொஞ்சம் அலையாத்திக் காடு, அவ்வளவுதான். இந்தப் பக்கம் நெட்டுக்குப்பம், அந்தப் பக்கம் வானத்தை முட்டும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். வாசல் பலகையில் நாற்பத்திரண்டு பறவைகளின் படம் போட்டிருந்தார்கள். அதில் பாதிப் பறவைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இருந்தாலும் கூழைக்கடாவும் நாரையும் வந்தன, அவற்றைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனமும் வந்தது.

காக்கிச் சட்டை போட்ட ரேச்சல் மூவருக்கும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டாள். அவள்தான் வழிகாட்டி. படகோட்டி அவள் புருஷன் டென்னிஸ். காப்பகம் திறந்த தை மாதத்திலிருந்து இருவருக்கும் இங்கேதான் வேலை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே படகில் சம்பாதிக்கிறார்கள் என்று குப்பத்தில் பாதிப்பேருக்கு வயிற்றெரிச்சல்.

அதற்கு முன்னால் ரேச்சல் இதே தண்ணீரில் மார்பளவு இறங்கி இறால் பிடித்தவள். அவளும் அவள் அக்கா சலோமியும் ஜோடி. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் எப்போதும் ஜோடியாகத்தான் இறங்குவார்கள். இரண்டு கையும் சேற்றில் துழாவிக்கொண்டிருக்கும். பிடித்த இறாலைப் போடுகிற பறி, பனையோலையில் முடைந்த சின்னப் பை, வாயில் தொங்கும். அதன் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பதால் பேச முடியாது. வேர்க்கூட்டத்துக்கு நடுவே ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியவும் தெரியாது. அதனால் முனகிக்கொள்வார்கள். குட்டையாக இரண்டு முனகினால், எங்கே இருக்கிறாய் என்று கேள்வி. நீளமாக ஒன்று முனகினால், இங்கேதான் இருக்கிறேன் என்று பதில். ஒவ்வொரு ஜோடிக்கும் அதில் தனி இழுப்பு உண்டு. சலோமியின் இரண்டாவது முனகல் பாதியில் உடைந்து மேலே ஏறும்.

ஜோடி கரையேறாமல் தான் மட்டும் கரையேறக் கூடாது. இதற்குச் சட்டமும் இல்லை, சாமி குத்தமும் இல்லை. யாரும் அப்படிச் செய்ததில்லை, அதுதான் விஷயம்.

ரேச்சல் ஒரே ஒரு தடவை செய்தாள்.

போன மார்கழி. காடு காப்பகமாகப் போகிறது, இனி உள்ளே யாரும் இறால் பிடிக்கக் கூடாது என்று சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. வயிறு அதைக் கேட்குமா? அக்காவும் தங்கையும் விடியலில் திருட்டுத்தனமாக இறங்கியிருந்தார்கள். டென்னிஸ் படகில் வந்து, பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார், சீக்கிரம் ஏறு என்றான். அக்கா எங்கே என்றாள் ரேச்சல். அவள் அப்போதே கரையேறிவிட்டாள், நானே பார்த்தேன் என்றான். புருஷன் சொல்கிறான் என்று அவள் படகில் ஏறிவிட்டாள்.

அன்றைக்குப் பிறகு சலோமியை யாரும் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் ரேச்சல் போய்ப் பார்த்தபோது, கரையில் அவள் வைத்துவிட்டு வந்த புடவை, செருப்பு, போன் எதுவும் அங்கே இல்லை. பையோடு அவள் பஸ் ஏறியதைப் பார்த்தேன் என்று டென்னிஸ்தான் சொன்னான். சலோமி புருஷனை இழந்தவள். பெரம்பூர் ரயில்வே பட்டறைக்காரன் ஒருவன் அவளைப் பெண் கேட்டிருந்தான், அவனும் அந்த வாரமே மாற்றலாகி வடக்கே போயிருந்தான். அப்புறம் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? அம்மா, அந்தப் பேரை இந்த வூட்டில் எடுக்காதே என்று சொல்லிவிட்டாள்.

ஒரு வருஷமாக ரேச்சலுக்கு மனசு ஆறவில்லை. ஓடிப்போனது கூடப் பரவாயில்லை. கூடவே தண்ணீரில் நின்றவள், ஒரு வார்த்தை சொல்லாமல், ஜோடியை உள்ளே விட்டுவிட்டுக் கரையேறிப் போனாளே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எங்கேயாவது அவளைப் பார்த்தால் கன்னத்தில் ஒன்று அறைய வேண்டும், அப்புறம் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

படகு அகன்ற ஆற்றைத் தாண்டிக் காட்டின் வாய்க்கு வந்தது. டென்னிஸ் மோட்டாரை அணைத்துவிட்டு மூங்கில் கழியை எடுத்தான். உள்ளே மோட்டார் போடக் கூடாது, பறவை கலையும் என்பது காப்பகத்தின் முதல் விதி. இருபுறமும் மரங்கள் தலைமேல் சேர்ந்துகொள்ள, நடுவே படகுக்காகப் புதிதாக ஆழப்படுத்திய வாய்க்கால் ஓடியது. இலைகளின் மேல் சாம்பல் படிந்திருந்தது. பனி, தண்ணீரிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் எழும்பாமல் அப்படியே கிடந்தது.

"இன்னாக்கா, ஒரு பறவையும் சத்தம் போடல?" என்றாள் ஃபரா.

அப்போதுதான் ரேச்சலும் கவனித்தாள். வழக்கமாக இந்த நேரத்தில் காடு சந்தைக்கடையாக இருக்கும். இன்று கழியிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது.

அப்புறம் ஒரு வாசனை வந்தது. உப்புச் சேற்று வாசனை எப்போதும் உள்ளதுதான். அதற்கு மேலே, அப்போதுதான் கிழித்த பச்சைப் பனையோலையின் வாசனை. இந்தக் காட்டில் பனைமரமே கிடையாது.

"அத்தா, அங்க பாருங்க. யாரோ பை மாட்டி வெச்சிகீறாங்க," என்றாள் ஃபரா.

தாழ்ந்த கிளை ஒன்றில், படகில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு பறி தொங்கியது. யாராவது திருட்டுத்தனமாக இறங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே ரேச்சல் அதைக் கழற்றினாள். ஓலை இன்னும் பச்சை மாறவில்லை. உள்ளே ஒரு கைப்பிடி இறால் உயிரோடு துள்ளியது.

விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள்.

பறி வைத்திருக்கிறவர்கள் யாரும் அடுத்தவள் பறியை எடுத்ததில்லை. விளிம்பில் பதிந்திருக்கும் பல் தடமே சொந்தக்காரியைச் சொல்லிவிடும். இந்த விளிம்பில் மேல்வரிசைத் தடத்தில் இடது பக்கம் ஓர் இடைவெளி இருந்தது, அதற்கு அடுத்த பல் பாதி உடைந்த பல். சின்ன வயதில் அக்கா அடிபம்பில் மோதி உடைத்துக்கொண்டது. மோதியபோது ரேச்சல்தான் பம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

தடத்தில் எச்சில் ஈரம் காயவில்லை.

"யோவ்," என்று திரும்பினாள். "இத்தப் பாரு."

டென்னிஸ் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை, அதுதான் அவளை முதலில் உறுத்தியது. "எவளாவது மாட்டிட்டுப் போயிருப்பா. தூக்கிப் போடு மே," என்று சொல்லிவிட்டு வேகமாகக் கழியை ஊன்றினான்.

கழி திரும்பி வரவில்லை.

இழுத்தான். இரண்டு கையாலும் பிடித்து, பலகையில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தான். சேற்றில் மாட்டிய கழி அசைந்து கொடுக்கும், உறிஞ்சுகிற சத்தம் வரும். இது அசையவே இல்லை. கீழே யாரோ பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. படகு நின்றுவிட்டது.

அப்போது அது கேட்டது.

ம்ம். ம்ம்.

வேர்களுக்குள்ளிருந்து, தண்ணீர் மட்டத்தில், குட்டையாக இரண்டு. இரண்டாவது பாதியில் உடைந்து மேலே ஏறியது.

"யாரோ வாய மூடிகினு அழுவுறாங்க," என்று ஷம்ஷாத் கிசுகிசுத்தார். மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பயத்துக்கு முன்னால் ரேச்சலுக்கு வந்தது சந்தோஷம். அக்கா! அவள் வாயைத் திறப்பதற்குள் படகின் பின்னால் கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. டென்னிஸ் கழியை விட்டுவிட்டு மோட்டார் மேல் விழுந்திருந்தான்.

"தம்பி, உள்ள மோட்டார் கூடாதுன்னியே?" என்றார் ரஷீது.

அவன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். ஒரு தடவை இழுத்தான், இரண்டு தடவை இழுத்தான். மோட்டார் கத்திக்கொண்டு எழுந்தது. காடு முழுக்க அந்த இரைச்சல்தான். படகோ இம்மிகூட நகரவில்லை. அவனும் அதை ஓட்ட முயலவில்லை. விசையைத் திருகித் திருகிச் சத்தத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனான்.

ரேச்சல் அவன் கையைப் பார்த்தாள். மாட்டிய படகை நகர்த்துகிற கை அப்படி வேலை செய்யாது. இவன் சத்தம் போடுகிறான். ஒரு சத்தத்தை மறைக்கச் சத்தம் போடுகிறான். முன்பே ஒருமுறை செய்து பழகியவனுக்குத்தான் அப்படிக் கை போகும்.

மோட்டார் இருமிவிட்டு நின்றது.

ம்ம். ம்ம்.

இப்போது இன்னும் கிட்டத்தில்.

"டென்னிஸு," என்றாள் ரேச்சல். கல்யாணமான பிறகு அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அன்னைக்கி எங்கக்காவ நீ பஸ் ஸ்டாண்டுல பாத்தியா?"

அவன் மறுபடி மோட்டார்க் கயிற்றைப் பிடித்தான்.

"கேக்குறேன்ல. பாத்தியா?"

"இவங்க முன்னால இன்னாத்துக்கு மே..."

"இவங்க முன்னாலயே சொல்லு."

டென்னிஸ் மோட்டார் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். சொல்ல ஆரம்பித்தபோது அவன் குரல் ரேச்சலுக்கு மட்டும் கேட்கிற அளவில் இருந்தது. "பாக்கல. அன்னைக்கி அதிகாரி வர்றாரு. உள்ள ஒரு பொம்பள நின்னாலும் உனக்குப் படகும் கெடையாது, வேலையும் கெடையாதுன்னாங்க. மொதல்ல உன்னப் பாத்தேன். அக்கா ஏறிட்டான்னு சொன்னாத்தான் நீ ஏறுவ. அதான் சொன்னேன். நீ ஏறிட்டா அவளும் தன்னால ஏறிடுவான்னு நெனச்சேன்."

"ஏற மாட்டா. நான் உள்ள கீறேன்னு நெனச்சிகினு நின்னிருப்பா. உனக்குத் தெரியாதா அது? குப்பத்துல பொறந்தவன்தானே நீ?"

"வாய்க்கா புச்சா தோண்டனது. அங்க பள்ளம் இருக்கறது அவளுக்குத் தெரியாது. தண்ணி ஏறிடிச்சி." அவன் மூச்சு வாங்கியது. "மத்தியானம் வந்து பாத்தேன். பொடவ, செருப்பு, போனு எல்லாம் கரையாண்ட அப்டியே கீது. எடுத்து கல்லு கட்டி முகத்துவாரத்துல போட்டேன். இன்னா பண்ண சொல்ற ரேச்சலு? உன் வேலையும் சேத்துதானே போவும்? நமக்காகத்தானே..."

நமக்காக. அந்த வார்த்தை ரேச்சலைச் சுட்டது. பதினோரு மாதமாக அவள் இதே வாய்க்காலில், இதே பள்ளத்தின் மேல், ஜனங்களுக்குப் பறவை காட்டியிருக்கிறாள். சிரித்துச் சிரித்துக் காட்டியிருக்கிறாள். ஒவ்வொரு ராத்திரியும் அக்காவைத் திட்டியபோது பக்கத்தில் படுத்துக்கொண்டு, போனவ போனா, விடு மே என்று முதுகைத் தடவிக் கொடுத்தது இந்தக் கைதான். அக்கா ஓடிப்போகவில்லை. ஜோடியை விட்டுவிட்டுப் போனவள் அக்கா இல்லை, தான்.

"அவ கூப்ட்டிருப்பா," என்றாள். "நீ அதிகாரிய ஏத்திகினு இதே வயியாத்தான வந்த? அவ என்னக் கூப்ட்டிருப்பா. உனக்குக் கேட்டிருக்கும்."

"கேக்கல."

"டென்னிஸு."

"சத்தியமா. மோட்டார் ஓடிகினு இருந்திச்சி. எனக்கு ஒண்ணுமே கேக்..."

அவன் வாய் மூடிக்கொண்டது.

அவனாக மூடவில்லை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் மோதிய சத்தத்தைப் படகில் எல்லாரும் கேட்டார்கள். டென்னிஸ் இரண்டு கையாலும் தன் தாடையைப் பிடித்து இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. உதடு திறந்தது, பல் திறக்கவில்லை. எதையோ கவ்விக்கொண்டிருக்கிற மாதிரி முன்பற்கள் ஓரிழை இடைவெளி விட்டு நின்றன.

அந்தப் பல்லுக்குப் பின்னாலிருந்து, அவன் தொண்டையிலிருந்து, வந்தது.

ம்ம். ம்ம்.

இரண்டாவது பாதியில் உடைந்து மேலே ஏறியது.

ஆண் தொண்டையில் அந்த இழுப்பு வராது. அக்கா தங்கை இருவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது, காதால் கேட்டவனைத் தவிர.

ஃபரா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஷம்ஷாத்தின் உதடுகள் ஓதிக்கொண்டே இருந்தன. ரஷீது எழுந்து டென்னிஸின் தோளைத் தொடப் போனவர், தொடாமலே உட்கார்ந்துவிட்டார்.

ரேச்சல் தண்ணீருக்குக் குனிந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வருஷமாகத் தொண்டையில் அடைத்து வைத்திருந்ததை நீளமாக வெளியே விட்டாள்.

ம்ம்ம்ம்ம்.

இங்கேதான் இருக்கிறேன்.

கழி தானாகக் கழன்று மேலே மிதந்தது. எங்கோ ஒரு மீன்கொத்தி கத்தியது. ரேச்சல் கழியை எடுத்து ஊன்றி, அழுதுகொண்டே படகைத் துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

ரஷீது இறங்கும்போது, "இவரை ஒடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போம்மா," என்றார். ஷம்ஷாத் ரேச்சலின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் ஒரு குறையும் இல்லை, தசையில் ஒரு குறையும் இல்லை, ஏன் திறக்கவில்லை என்று தெரியவில்லை என்றார்கள். போலீசுக்கு டென்னிஸ் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். முனகலைக் கேட்டதையும் இந்த முறை எழுதினான். தாடை சரியானதும் ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்று சொல்லி வூட்டுக்கு அனுப்பினார்கள். தீயணைப்புக்காரர்கள் மூன்று நாள் வாய்க்காலைக் கலக்கினார்கள். சேறும் சாம்பலும் வேரும்தான் வந்தன. சலோமி கிடைக்கவில்லை. காப்பகத்தின் வாசலில் மறு அறிவிப்பு வரும்வரை மூடப்பட்டிருக்கும் என்று ஒரு தாளை ஒட்டினார்கள்.

நாலாம் நாள் காலை ரேச்சல் தன் துணிகளை ஒரு பையில் அடைத்தாள். காத்திவாக்கத்தில் அம்மா வூட்டுக்குப் போவது என்று முடிவு செய்திருந்தாள். டென்னிஸ் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாலு நாளாகக் குழாய் வைத்து உறிஞ்சும் கஞ்சித் தண்ணீரில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காகிதத்தில் 'போவாதே' என்று எழுதி நீட்டினான். அவள் அதை வாங்கக்கூட இல்லை.

வாசலைத் தாண்டி நின்றாள். வூட்டுக்கு எதிரிலேயே ஆறு. தண்ணீர் வற்றுகிற நேரம். தூரத்தில் காடு கறுப்பாகத் தெரிந்தது. மூன்று நாள் தேடியும் கிடைக்காதவள் அங்கே எந்த வேருக்கடியில் இருக்கிறாளோ என்று நினைத்தாள். போவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. கேட்க வேண்டிய அன்றைக்குக் கேட்காமல் போனவள்தானே அவள்.

ஆற்றைப் பார்த்துக் குட்டையாக இரண்டு முனகினாள். எங்கே இருக்கிறாய்?

காற்று அடித்தது. ஆற்றிலிருந்து ஒன்றும் வரவில்லை.

பதில் முதுகுக்குப் பின்னால், வூட்டுக்குள்ளிருந்து வந்தது. நீளமாக, நிதானமாக, ஒன்று.

ரேச்சல் திரும்பினாள். டென்னிஸ் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். விரல்களின் இடுக்கில் ஆற்றுத்தண்ணீர், சேறு கலந்த ஆற்றுத்தண்ணீர், கசிந்து முழங்கை வரை ஓடியது. அவன் கண்ணில் இருந்த கெஞ்சல் ரேச்சலுக்கு நன்றாகப் புரிந்தது. போய்விடு என்று கெஞ்சினான். சற்று முன் போகாதே என்று எழுதியவன்தான்.

அவள் வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். இவன் முகத்தில் இனி முழிப்பதில்லை என்று காலையில்தான் சத்தியம் செய்திருந்தாள். ஆனால் ஜோடி உள்ளே இருக்கிறாள். ஒரு தடவை இவன் பேச்சைக் கேட்டு விட்டுவிட்டுப் போனது போதாதா?

உள்ளே வந்தாள். பையைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு, கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எங்கயும் போவலக்கா," என்றாள்.

மூடிய பல்லுக்குப் பின்னால் முனகல் மறுபடி எழுந்தது. இந்தத் தடவை அது நிற்கவில்லை.